உழாத வயலில் விளையும் கோதுமை

நமது இல்லங்களிற் காலையில் அடுப்பு மூட்டுவதற்கு முன்பே பாண் வந்து சேர்ந்துவிடுகின்றது. எத்தாளையிலும் அவ்வாறே, கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் அவ்வாறே. இடியப்பமும் பிட்டும் ரொட்டியுங்கூடப் பல வீடுகளிற் கோதுமை மாவினாலேயே ஆகின்றன. ஆயினும் அந்த மாவைத் தந்த பயிரைக் கண்ணாற் கண்டவர்கள் நம்மிடையே மிகச் சிலர். இலங்கையிலே கோதுமை விளைபொருளாகச் சந்தைக்கு வருவதில்லை. காலத்துக்குக் காலம் அவுஸ்திரேலியா, கனடா, ரஷ்யா, இந்தியா முதலிய தேசங்களிலிருந்து அது தானியமாகக் கப்பலேறி வருகின்றது. திருகோணமலைச் சீனக்குடாவிலும் கொழும்பிலும் உள்ள ஆலைகளில் மாவாகின்றது. 1942ஆம் ஆண்டில் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்ற, பர்மா அரிசியின் வரத்து நின்றது. அக்காலத்தில் மாவுக்குப் பழகிய நமது நாக்கு பின்னர் அதனை விடவேயில்லை.

அந்தத் தூரத்து வயல்களிற் சென்ற அறுபது ஆண்டுகளாக ஒரு பெரிய மாறுதல் நிகழ்ந்து வருகின்றது. கோதுமை விதைக்கும் உழவர் பலர் கலப்பையைக் கொட்டிலிற் சாத்திவிட்டனர். நிலத்தைப் புரட்டாமல், சென்ற பயிரின் அரிதாளையும் வைக்கோலையும் கிடந்தபடியே விட்டு, அவற்றின் ஊடே மெல்லிய கீறல் ஒன்றிட்டு விதையை இறக்குகின்றனர். இதனை மண் காக்கும் உழவு என்று சொல்லலாம். அறவே உழாமல் விடுவது அதன் கடைசிப் படி. விதைத்து முடிந்த பின்னரும் நிலப்பரப்பில் 30 சதவீதமாவது பழம் பயிரின் எச்சங்களால் மூடப்பட்டிருத்தல் வேண்டும் என்று அமெரிக்கர் இதற்கோர் அளவும் வகுத்திருக்கின்றனர்.

எத்தாளை மணலில் மிளகாயும் வெங்காயமும் பயிரிடும் குடும்பங்களுக்கு இச்செய்தியால் ஆவதென்ன என்று வாசகர்கள் வினவலாம். மண் எவ்வாறு கெடுகின்றது, எவ்வாறு தேறுகின்றது என்பதை இக் கோதுமை வயல்களைப் போல விளக்கமாகக் காட்டிய பரீட்சைக்கூடம் வேறொன்று அருமை. அங்கே கண்டறியப்பட்டவற்றுட் சில நமது கிணற்று நீர் வரை வந்து தொடுகின்றன. எவ்வாறு என்பதைச் சற்றுப் பொறுமையுடன் காண்போம்.

நமது மொழியில் ‘உழவு’ என்றாலே விவசாயம். உழுபவனே உழவன். ஆகையால் ‘உழாத உழவு’ என்பது காதுக்கு முரணாகவே ஒலிக்கும். உழவுக்கு வலிய காரணங்களும் இருக்கின்றன. இறுகிய மண்ணை அது பொலபொலப்பாக்குகின்றது, களையை வேருடன் புரட்டுகின்றது, எருவைக் கலக்கின்றது, விதை படிவதற்கு மெத்தை விரித்துத் தருகின்றது. பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதன் உழுதது அறியாமையினால் அன்று. ஆயினும் வள்ளுவர் உழவு என்னும் அதிகாரத்திலே ஏரோட்டுவதிலும் பார்க்க எருவிடுவதை உயர்த்திச் சொல்லியிருப்பதை மாணவர்கள் இவ்விடத்தில் நினைத்துக்கொள்ளலாம்.

கலப்பை எதைக் கெடுக்கின்றது?

காடு வெட்டிய இடத்திலிருந்தோ பழைய மரத்தின் அடியிலிருந்தோ ஒரு கைப்பிடி மண்ணை எடுத்துப் பாருங்கள். அது தூளாக இராது. சிறு சிறு குருணைகளாகத் திரண்டிருக்கும். களிமண்ணும், இலைதழைகள் உக்கி உண்டான கரிய சேதனப் பொருளும், பங்கசுகளின் நூலினும் மெல்லிய இழைகளும், பற்றீரியாக்கள் சுரக்கும் பசையும் சேர்ந்து கட்டிய கட்டடம் அது. குருணைகளுக்கு இடையிலுள்ள பெரிய துளைகளால் மழைநீர் உள்ளே இறங்குகின்றது. குருணைக்குள் இருக்கும் நுண்துளைகளில் அது தங்குகின்றது. வேர் மூச்சுவிடுவதும் நீர் குடிப்பதும் இத்துளைகளின் வழியேதான். மண்புழுக்களும் தம் பங்குக்கு வாய்க்கால் வெட்டுகின்றன. கலப்பை பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே நிலத்தை உழுதவை மண்புழுக்களே என்று சாள்ஸ் டார்வின் 1881ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிற் காட்டினார்.

கலப்பையின் கொழு இக்கட்டடத்தை இடிக்கின்றது. குருணைக்குள் ஒளிந்திருந்த சேதனப் பொருள் வெளிவருகின்றது. அதன்மேல் ஒட்சிசன் படுகின்றது. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதனை விரைந்து தின்று காபனீரொட்சைட்டாக வெளிவிடுகின்றன. அடங்கி எரியும் அடுப்பை ஊதுகுழலால் ஊதுவதற்கு இதனை ஒப்பிடலாம். ஊதினால் சுவாலை எழும். விறகும் சீக்கிரம் தீரும். புதிதாக உழுத நிலத்தில் முதற் சில ஆண்டுகள் விளைச்சல் அமோகமாக இருப்பதன் இரகசியம் இதுவே. சேதனப் பொருள் எரியும்போது அதிற் கட்டுண்டிருந்த நைதரசன் பயிருக்குக் கிடைக்கின்றது. வட்டியென்று நினைத்து முதலையே எடுத்துச் செலவு செய்கிறோம். வட அமெரிக்கப் புல்வெளிகள் உழப்பட்ட சில பத்து ஆண்டுகளிலேயே மேல்மண்ணின் சேதனக் காபனில் மூன்றிலொரு பங்கு முதல் பாதி வரை தொலைந்தது என்பது மண்ணியலார் பொதுவாக ஒப்பும் கணக்கு.

முதல் தீர்ந்த கதை 1930களில் உலகறிய நடந்தது. முதல் உலகப் போர்க் காலத்திற் கோதுமை விலை ஏற, அமெரிக்காவின் தென் சமவெளிகள் உழவு யந்திரங்களால் கிழிக்கப்பட்டன. பின்னர் மழை பொய்த்தது. குருணை இழந்து தூளாகிய மண்ணைக் காற்று அள்ளிச் சென்றது. 1934 மே மாதத்தில் எழுந்த புழுதி நியூயோர்க் நகரின் வானத்தையும் மறைத்து, அத்திலாந்திக் சமுத்திரத்திற் சென்ற கப்பல்களின் தட்டிலும் படிந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அந்நாட்டுப் பேரவை மண் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அச்சட்டத்துக்காக ஓயாது வாதாடியவர் ஹியூ பெனற் என்னும் மண்ணியலாளர். 1943இல் ஒஹாயோவைச் சேர்ந்த எட்வர்ட் போக்னர், கலப்பையே குற்றவாளி என்று ஒரு நூல் எழுதிப் பெரும் வாதத்தைக் கிளப்பினார். ஆனால் உழாமற் களையை எவ்வாறு அடக்குவது என்ற கேள்விக்கு அக்காலத்தில் விடை கிடைக்கவில்லை. 1960களிற் பரகுவாற் முதலிய களைநாசினிகள் சந்தைக்கு வந்த பின்னரே உழாத விவசாயம் பெரும் பண்ணைகளில் ஏறியது. இதன் பிறப்பிலேயே இரசாயனம் கலந்திருக்கின்றது என்பதை மறைப்பதற்கில்லை. அதனைப் பின்னர் எடுத்துக்கொள்வோம்.

ஹரியானாவில் நடந்தது

நமக்கு அண்மையிலுள்ள உதாரணம் இந்தியாவின் ஹரியானா மாநிலம். அங்கே ஒரே வயலில் மாரியில் நெல்லும் குளிர்காலத்திற் கோதுமையும் மாறிமாறி விளைகின்றன. நெல்லுக்காகச் சேறு கலக்கிய மண் அறுவடைக்குப் பின் ஓடுபோல் இறுகிக் கிடக்கும். அதனைக் கோதுமைக்கேற்றவாறு தூளாக்குவதற்கு உழவர்கள் ஆறு முறை, எட்டு முறை உழவு யந்திரத்தை ஓட்டி வந்தனர். இதில் இரண்டு மூன்று கிழமைகள் கழிந்துவிடும். கோதுமைக்கோ காலமே உயிர். நவம்பர் நடுப்பகுதி கடந்து பிந்தும் ஒவ்வொரு நாளுக்கும் விளைச்சலில் ஏறத்தாழ நூற்றிலொரு பங்கு குறைகின்றது. பிந்தி விதைத்த பயிர் கதிரில் மணி பிடிக்கும் வேளையில் மார்ச் மாத வெப்பத்திற் சிக்கிக்கொள்வதே அதற்குக் காரணம். 2022இல் அந்த வெப்பம் வழமைக்கு மீறி முந்தி வந்தது. மணிகள் சுருங்கின. அவ்வாண்டு மே 13ஆம் திகதி இந்திய அரசாங்கம் கோதுமை ஏற்றுமதியைத் தடைசெய்தது. அரியானா வயலின் வெக்கை உலகச் சந்தையின் விலையை உயர்த்த, அந்த விலை நமது பாண் கடை வரை வருவதற்கு அதிக நாட்கள் செல்லவில்லை.

காலக்கேடு ஒருபுறமிருக்க, 1990களின் தொடக்கத்தில் வேறொரு சங்கடம் மூண்டது. ‘மண்டூசி’ என்று அங்குள்ளோர் அழைக்கும் ஒரு புற்களை கோதுமை வயல்களை மூடியது. இளமையில் அது கோதுமை நாற்றைப் போலவே தோன்றுவதால் கையாற் களைபிடுங்குபவர் ஏமாந்துவிடுவர். அதனைக் கொல்வதற்கு ஐசோபுரோற்றூரன் என்னும் களைநாசினியை ஆண்டுதோறும் தெளித்து வந்தனர். களை அதற்குப் பழகிவிட்டது. மருந்துக்கு மடியாத களையினால் முற்றிலும் மூடப்பட்ட கோதுமையைப் பச்சையாகவே அறுத்து மாட்டுக்குப் போட்ட குடும்பங்களும் இருந்தன.

இந்த நெருக்கடியிலேதான் ஹிசாரிலுள்ள ஹரியானா விவசாயப் பல்கலைக்கழகத்தார் உழாத விதைப்பை உழவர்களின் வயலுக்குக் கொண்டு சென்றனர். அதற்கான கருவி முன்னரே ஆயத்தமாயிருந்தது. நியூசிலாந்திலிருந்து வந்த ஒரு கொழுவின் அமைப்பைக் கொண்டு, பந்த்நகர் விவசாயப் பல்கலைக்கழகத்தார் 1991ஆம் ஆண்டளவில் மலிவான விதைப்புக் கருவி ஒன்றைச் செய்திருந்தனர். அக்கொழு ஆங்கில ‘டீ’ எழுத்தைத் தலைகீழாகப் பிடித்தது போன்றது. மேலே குறுகிய கீறல். உள்ளே சற்று அகன்ற குழி. விதையும் பசளையும் குழியில் விழும். கீறல் குறுகியதாகையால் ஈரம் ஆவியாகி வெளியேறுவது குறைவு. நெல் அறுத்த ஈரத்திலேயே, ஒரே ஓட்டத்தில் விதைப்பு முடிந்தது.

உழவர்கள் முதலில் நம்பவில்லை. உழாத நிலத்தில் விதைப்பவனை ஊரார் சோம்பேறி என்று நகையாடுவது எந்த நாட்டிலும் இயல்பே. ஆனால் களை குறைந்தது. அதுவே அவர்களை மாற்றியது. மண்ணைப் புரட்டாமையால் ஆழத்திற் புதைந்திருந்த மண்டூசி விதைகள் மேலே வந்து முளைக்கவில்லை. கோதுமையோ ஒன்றிரண்டு கிழமை முந்தி முளைத்து இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஹெக்டேயருக்கு முப்பது லீற்றருக்கு மேல் டீசலும் மிஞ்சியது. 2000களின் நடுப்பகுதியிற் கங்கைச் சமவெளியிற் பத்து இலட்சம் ஹெக்டேயருக்கு மேற்பட்ட நிலத்திற் கோதுமை இவ்வாறு விதைக்கப்பட்டது. மண்ணைக் காக்க வேண்டும் என்று எண்ணி இதிற் புகுந்தவர் மிகச் சிலரே. களைக்கும் டீசற் செலவுக்கும் அஞ்சியே புகுந்தனர். மண்ணுக்கு விளைந்த நன்மை பின்னர் தானாக வந்தது.

அந்த நன்மையும் அரைகுறையே என்று சொல்லவேண்டியிருக்கின்றது. கோதுமைக்காக உழாமல் விட்ட நிலத்தை ஆறு மாதம் கழித்து நெல்லுக்காகச் சேறடித்துக் கலக்கிவிடுகின்றனர். பெனலோப்பி பகலில் நெய்ததை இரவிற் பிரித்த கிரேக்கக் கதையை இது நினைவூட்டுகின்றது.

வைக்கோலின் கதை இதனோடு சேர்ந்தது. யந்திரம் கொண்டு நெல் அறுத்தால் வயலெங்கும் வைக்கோல் குவிந்து கிடக்கும். சாதாரண விதைப்புக் கருவி அதிற் சிக்கிக்கொள்ளும். ஆகவே பஞ்சாபிலும் ஹரியானாவிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் வைக்கோலுக்குத் தீ வைப்பது வழக்கமாயிற்று. தில்லி நகரம் அப்புகையில் மூச்சுத் திணறும் செய்தி ஆண்டுதோறும் பத்திரிகைகளில் வருகின்றது. மண்ணின் கணக்கிற் பார்த்தால், வைக்கோலிலிருந்த காபன் முழுவதும், நைதரசனிற் பெரும் பங்கும் வானத்துக்குப் போகின்றன. லூதியானாவிலுள்ள பஞ்சாப் விவசாயப் பல்கலைக்கழகத்தார் அவுஸ்திரேலிய விஞ்ஞானிகளுடன் கூடி 2002ஆம் ஆண்டளவில் இதற்கு ஒரு யந்திரம் கண்டனர். ‘ஹாப்பி சீடர்’ என்பது அதன் பெயர். முன்னே கிடக்கும் வைக்கோலை வெட்டித் தூக்கி, வெறுமையான கீற்றில் விதையை இறக்கி, அதே வைக்கோலைப் பின்னே போர்வையாகப் பரப்பிச் செல்லும். நல்ல யந்திரமே. ஆயினும் விலை அதிகம். விதைக்கும் நாட்களோ சில. ஒரு தீக்குச்சியின் விலையுடன் அது போட்டியிட வேண்டியிருக்கின்றது. வைக்கோலுக்குள் எலி பெருகும் என்ற அச்சமும் உண்டு. ஆகவே தீ இன்னும் அணையவில்லை.

உழாமை மட்டும் போதுமா?

போதாது என்பதே ஆய்வாளர்களின் விடை. 63 நாடுகளில் 48 பயிர்களைப் பற்றி நடந்த 610 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பரிசீலித்த ஒரு கட்டுரை 2015இல் ‘நேச்சர்’ சஞ்சிகையில் வெளிவந்தது. எல்லா இடங்களையும் சேர்த்துப் பார்த்தால், உழாத நிலத்தின் விளைச்சல் உழுத நிலத்தினதிலும் சற்றுக் குறைவே. உழாமையுடன், எச்சங்களால் நிலத்தை மூடுதல், பயிரை மாற்றி மாற்றி இடுதல் என்னும் இரண்டையும் சேர்த்துக் கைக்கொண்ட இடங்களில் அக்குறை பெரிதும் நீங்கியது. மழையை மட்டும் நம்பிய வறண்ட பிரதேசங்களிலோ மூன்றும் சேர்ந்தபோது விளைச்சல் ஏறத்தாழ 7 சதவீதம் கூடியது. கலப்பையை மாத்திரம் நிறுத்திவிட்டு வெறுந்தரையை வெயிலிற் காய விடுபவர் நட்டமடைவர் என்பது இதனாற் பெறப்படும்.

வேறு குறைகளும் உள. உழாத நிலத்திற் சேரும் காபன் பெரும்பாலும் மேல் நாலங்குலத்திலேயே தங்குகின்றது. ஆழத்தையும் சேர்த்து அளந்தால் இலாபம் சிறுத்துப் போவதுண்டு. வைக்கோலில் நைதரசன் குறைவாகையால், அதனை உக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள நைதரசனைத் தாமே எடுத்துக்கொண்டு பயிரைச் சில காலம் பட்டினி போடும். களைநாசினியை மேலும் மேலும் நம்ப வேண்டி வருவது யாவற்றிலும் பெரிய குறை. அதற்கு நம் நாட்டில் இடமும் குறைவு. பரகுவாற் குடித்து மாண்டவர்களின் தொகையைக் கண்டு, இலங்கை அரசாங்கம் அதனைப் படிப்படியாக நிறுத்தி 2011 அளவில் முற்றாகத் தடைசெய்தது. அத்தடை பல உயிர்களைக் காத்தது என்பதில் நமக்கு ஐயமில்லை.

சேதனப் பொருள் எவ்வளவு மெதுவாகச் சேர்வது என்பதற்கு இங்கிலாந்தின் ரொதம்ஸ்ரெட் பண்ணையிலுள்ள கோதுமை வயல் சாட்சி. அங்கே 1843 முதல் இன்றுவரை ஆண்டு தவறாமற் கோதுமைப் பரீட்சை நடைபெற்று வருகின்றது. தொடர்ந்து தொழுவெரு இட்ட பாத்தியின் மண்ணில், எருவே காணாத பாத்தியிலும் பார்க்க இரு மடங்குக்கு மேல் சேதனக் காபன் இருக்கின்றது. அந்த வேற்றுமை உண்டாவதற்குத் தலைமுறைகள் கழிந்தன. 2021ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே நாளில் நிறுத்திவிட்டுச் சேதனப் பசளைக்கு மாறுங்கள் என்று நமது விவசாயிகளுக்கு ஆணையிட்டவர்கள் இந்த வயலைச் சற்றுப் பார்த்திருக்கலாம். அவ்வாண்டு முடிவதற்குள் ஆணையைத் திரும்பப் பெற நேர்ந்தது.

மணலிற் கோதுமை

கோதுமை விளையும் இடமெல்லாம் களிமண் என்று எண்ண வேண்டாம். மேற்கு அவுஸ்திரேலியாவின் கோதுமை வலயத்திற் பரந்த நிலங்கள் வெறும் மணலே. அங்கே காற்றடித்தால் வயலே எழுந்து பறக்கும். 1990களில் அந்த உழவர்கள் உழுவதை விடத் தொடங்கினர். இன்று பத்தில் ஒன்பது பங்கினர் உழுவதில்லை. அறுத்த தாள் நின்றபடியே காற்றைத் தடுக்கின்றது, மணல் நிலைக்கின்றது. எனினும் அந்த மணலுக்கு ஒரு நோயுண்டு. உக்கும் தாவரங்களின் மெழுகு மணல்மணிகளின் மேற் படிந்து, மழைநீரை உள்ளே விடாமல் உருட்டிவிடுகின்றது. ஆகவே அங்குள்ள சிலர் பல ஆண்டுகளுக்கு ஒருமுறை மாத்திரம் ஆழ உழுது, கீழுள்ள களிமண்ணை மேலே கொண்டுவருகின்றனர். கலப்பையை அவர்கள் மருந்துபோற் கையாள்கின்றனர், உணவுபோல அன்று. நமக்கு இந்த நிதானம் பிடித்திருக்கின்றது.

இனி எத்தாளைக்கு வருவோம். ஒருபுறம் இந்து சமுத்திரம், மறுபுறம் புத்தளம் களப்பு, நடுவே ஒடுங்கிய மணற்றரை. இதுவே கற்பிட்டிக் குடாநாடு. இம்மண்ணைப் படித்தோர் ‘ரெகோசோல்’ என்பர். மழை பெரும்பாலும் ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரைதான். மே தொடங்கிச் செப்ரெம்பர் வரை சோழகக் காற்று ஓயாது வீசும். பட்டங்கட்டிக் கடலிற் சறுக்குவதற்கு வெளிநாட்டார் இங்கு வருவதும், காற்றாலைகள் நிற்பதும் அக்காற்றை நம்பியே. அதே காற்று வெறுமையான தோட்டத்தின் மேலிருந்து அள்ளுவது முதலிற் பாரமற்ற உக்கலையே, பாரமான மணலன்று. மேற்கு அவுஸ்திரேலிய மணலைப் போலவே இதற்கும் போர்வை தேவை. ஆனால் அங்கில்லாத ஒரு பெரிய பொறுப்பு இங்கே உண்டு. அது நிலத்தடி நீர்.

குடாநாட்டின் நன்னீர், உப்புநீரின் மேல் மிதக்கும் ஒரு வில்லை போன்றது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு அது உப்புநீரை அமுக்கி வைத்திருக்கும் என்பது கணிதம். மேலே ஓரடி குறைந்தாற் கீழே நாற்பதடி குறையும். மணலோ நீரைப் பிடித்து வைப்பதில்லை. காலையில் இறைத்த நீர் மாலைக்குள் வேரைத் தாண்டிப் போய்விடுவதால் மீண்டும் இறைக்கின்றோம். இறைத்த நீருடன் யூரியாவும் இறங்குகின்றது. மண்ணில் அது நைத்திரேற்றாக மாறித் துரவுக்கே திரும்புகின்றது. 1980களிலிருந்து ஆய்வாளர்கள் கற்பிட்டித் தோட்டக் கிணறுகளில் நைத்திரேற்றை அளந்து வந்திருக்கின்றனர். செறிவாகப் பயிரிடும் இடங்களில் அது பல கிணறுகளிற் குடிநீருக்கு உகந்த அளவைத் தாண்டியிருக்கக் கண்டனர். உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேற்பட்ட நீரிற் பால்மா கரைத்துப் புகட்டினால், கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைச் சுமக்க இயலாமல் உடல் நீலம்பாரிக்கும் அபாயம் உண்டு. காய்ச்சினால் நைத்திரேற்று போகாது. நீர் வற்ற வற்ற அது செறிவடையவே செய்யும். தாய்மார்கள் இதனை அறிந்திருத்தல் அவசியம்.

உக்கல் சேர்ந்த மணல் நீரையும் பசளையையும் சற்றுத் தாமதிக்கச் செய்கின்றது. அந்தத் தாமதத்தினுள் வேர் தனக்குரியதை எடுத்துக்கொள்கின்றது. கோதுமை வயல்கள் கற்பித்த பாடம் நமது கிணற்றைத் தொடும் இடம் இதுவே.

அப்படியானால் எத்தாளையிலும் கொத்துவதை நிறுத்திவிடலாமா? தோட்டக்காரர் ஒருவரிடம் இதைச் சொன்னால், ‘வெங்காயத்துக்குப் பாத்தி கட்டாமல் எப்படி?’ என்றே முதலிற் கேட்பார். அவர் கேட்பது நியாயம். வெங்காயமும் உருளைக்கிழங்கும் உழாத நிலத்துப் பயிர்களல்ல. ஆனால் அவருக்கு நாமும் ஒன்றைச் சொல்லலாம். இறுகிய களியைத் தளர்த்துவதே உழவின் முதற் பயன்; மணலோ பிறவியிலேயே தளர்ந்தது. ஆகவே உழவு யந்திரத்தின் இரண்டாம், மூன்றாம் ஓட்டத்தால் இங்கே பெறுவது சிறிது. இழக்கும் உக்கலோ களிநிலத்தில் இழப்பதற்குக் குறைந்ததன்று. கோரை பிடித்த நிலத்திற் சுழல்கத்தி கிழங்குகளைத் துண்டித்துத் தோட்டமெங்கும் பரப்பிவிடும் தொல்லையும் சேர்கின்றது. மிளகாய், பூசணி போன்ற இடைவெளி விட்டு நடும் பயிர்களுக்கு நடும் குழியை மட்டும் கொத்தி, இடைவெளியை மூடி வைக்கலாம்.

எதனால் மூடுவது? பள்ளிக்கூடப் புத்தகங்களிற் ‘பத்திரக்கலவை’ என்று படிக்கும் சொல் இங்கேதான் உயிர் பெறுகின்றது. நெல்வயல் அருகிலில்லாத ஊருக்கு வைக்கோல் விலை கொடுத்து வரவேண்டும். ஆனால் தென்னை இங்கே உண்டு. நமது மாவட்டத்திலேயே லுணுவிலவில் இருக்கும் தென்னை ஆராய்ச்சி நிலையத்தார் உரிமட்டையைத் தென்னையைச் சுற்றிக் குழியில் அடுக்கிப் புதைக்குமாறு நெடுங்காலமாக அறிவுறுத்தி வருகின்றனர். மட்டை மழைநீரைப் பஞ்சுபோற் குடித்து வைத்துக் கோடையில் விடுகின்றது. தும்புத்தூள் தன் எடையின் பல மடங்கு நீரைத் தாங்கும். மட்டைக்குத் தும்பு ஆலைகளில் விலை கிடைப்பதால் அது தோட்டத்துக்குள் தங்குவதில்லை என்பது உண்மையே. அப்போது சீமைக்கிளுவை இருக்கின்றது. மகா இலுப்பள்ளமை ஆராய்ச்சி நிலையத்தில் 1980களில், சீமைக்கிளுவையை வரிசையாக நட்டு, அதன் குழையை வெட்டி இடையிலுள்ள நிலத்தை மூடி, உழாமற் பயிர் செய்து பார்த்தனர். அவரை இனத்து மரமாகையால் அதன் குழை நைதரசன் நிறைந்தது. வைக்கோலைப் போலப் பயிரைப் பட்டினி போடுவதில்லை. வேலியாக நின்று சோழகத்தையும் மறிக்கும். நிலக்கடலைக் கொடியையும் பழைய மிளகாய்ச் செடியையும் பருவ முடிவில் எரிப்பதற்குப் பதிலாக, நோய் பற்றாதவற்றை மட்டும் நறுக்கிப் பரப்பினால் அதற்கெனச் செலவு வேறில்லை. கடற்கரையிலிருந்து அள்ளும் சாதாளையை மாத்திரம் ஒரு மழையில் நனைய விட்டு, உப்புக் கழிந்த பின்னர் இடுதல் வேண்டும்.

மாணவர்கள் இதனை வீட்டு முற்றத்திலேயே பரீட்சித்துப் பார்க்கலாம். கண் துளைத்த சிரட்டைகள் இரண்டை எடுத்துத் துளையின் மேல் ஒரு துண்டுச் சீலை வைத்துக்கொள்க. ஒன்றில் தோட்டத்து மணலை நிரப்புக. மற்றதில் அதே மணலுடன் நாலிலொரு பங்கு நன்கு உக்கிய இலைமட்கைக் கலந்து அதேயளவு நிரப்புக. இரண்டையும் இரு குவளைகளின் மேல் இருத்தி, ஒரே அளவான நீரை மெதுவாக வார்த்து, முதற் சொட்டு விழும் நேரத்தைக் குறிக்க. சொட்டுவது நின்ற பின் குவளைகளிலுள்ள நீரை அளந்து, வார்த்ததிலிருந்து கழித்தாற் சிரட்டையில் தங்கியது எவ்வளவு என்று தெரியும். பின்பு இரண்டையும் வெயிலில் வைத்து, எந்தச் சிரட்டை எத்தனையாம் நாளிற் காய்கின்றது என்பதையும், இரண்டாவதன் மேல் ஒருபிடி தும்புத்தூள் பரப்பினால் அந்நாள் எவ்வளவு தள்ளிப்போகின்றது என்பதையும் கொப்பியில் எழுதி வைக்க.